ஒரு மோட்டார், பல துணைக்கருவிகள்: வீட்டுத் தச்சுப் பட்டறையில் நேரமைப்பு

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்து, வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சூழ்ந்து அமைந்துள்ளது ஸ்ரீவராகம். மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கடல். ஆண்டில் இரு பருவங்களிலும் மழை. இங்குள்ள வீடொன்றின் பின்கட்டில் ஒருவர் சிறு தச்சுப் பட்டறை அமைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மரத்தாலான மேடை ஒன்று; அதன்மேல் ஒரு குதிரைத்திறன் கொண்ட மின்மோட்டார். அம் மோட்டாரைக் கொண்டே வட்ட ரம்பம், தேய்ப்புத் தட்டு, துளையிடும் கருவி, கடைசல் கருவி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி அவர் இயக்குகிறார்.

பிப்ரவரி மாதத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்து அமைத்தார். ரம்பம் செம்மையாக அறுத்தது. ஜூலையில் அதே ரம்பத்தில் பலகை பாதி வழியில் இறுகுகிறது, அறுத்த விளிம்பு கருகுகிறது, வார் கீச்சிடுகிறது. பல் மழுங்கிவிட்டதென எண்ணி அவர் ரம்பத்தைத் தீட்டுகிறார்; பயனில்லை. குற்றம் பல்லில் இல்லை. பிப்ரவரியில் நேராக இருந்தது ஜூலையில் நேராக இல்லை என்பதே காரணம். இந்நிலையில் இறுகிய பலகை, அறுப்பவரை நோக்கி எறியப்படவும் கூடும். ஆதலின் இது வேலையின் அழகு பற்றிய செய்தி மட்டுமன்று. கைவிரல்களைப் பற்றிய செய்தியுமாகும்.

அச்சும் அச்சும், ரம்பமும் மேசையும் தத்தமக்குரிய நிலையில் நேராக நிற்குமாறு செய்தலை இக்கட்டுரையில் நேரமைப்பு என்கிறோம். ஒரே மோட்டாரால் பல கருவிகளை இயக்கும் எண்ணம் புதியதன்று. ஹான்ஸ் கோல்ட்ஷ்மித் என்பவர் 1940-களில் கலிபோர்னியாவில் வடிவமைத்த ‘ஷாப்ஸ்மித்’ என்னும் கூட்டு இயந்திரம், ரம்பம், கடைசல், துளையிடல், தேய்த்தல் ஆகிய பணிகளை ஒரே மோட்டாரால் செய்தது. இத்தகைய ஏற்பாடு இடத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் துணைக்கருவியை மாற்றும்தோறும் நேரமைப்பைப் புதிதாகச் செய்யவேண்டியிருப்பது இதற்கு நாம் கொடுக்கும் விலையாகும்.

நூல் கணக்கும் இயந்திரக் கணக்கும்

நம் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுப்பர். ஒரு நூல் ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். கதவு நிலை பொருத்தும் கைத்தச்சில் கால் நூல் வேறுபாட்டை இழைப்புளியால் சரிசெய்துவிடலாம். சுழலும் கருவியிலோ கால் நூல் என்பது பெரும்பிழை. அங்கே நாம் தேடுவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

மலையாள நாட்டு மரபில் வந்த ஆசாரிமார் கையாளும் கோல் 24 அங்குலம் கொண்டது. அதன் நீளம் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். ஆகவே அவ்வங்குலம் 3 சென்டிமீட்டர். ஆங்கில அங்குலமோ 2.54 சென்டிமீட்டர். இருவகை அங்குலமும் பேச்சில் வழங்கும் இடங்களில் இயந்திர அளவுகளை மில்லிமீட்டரிலேயே குறித்துக்கொள்ளுதல் நலம்.

பத்தில் ஒரு மில்லிமீட்டரை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நகலெடுக்கப் பயன்படும் சாதாரணத் தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஐந்நூறு தாள் கொண்ட கட்டின் உயரத்தை அளந்து ஐந்நூறால் வகுத்தால் ஒரு தாளின் கனம் கிடைக்கும். இத்தாளை ஒன்று, இரண்டு, மூன்று எனச் சேர்த்து இடைவெளியில் நுழைத்துப் பார்த்தால் போதிய நுட்பத்துடன் இடைவெளியை அறியலாம். தாள் சற்று உரசிக்கொண்டு வெளிவருவதே சரியான அடையாளம்.

வேகக் கணக்கு

நேரமைப்புக்கு முன் வேகம் பொருத்தமானதா என்று காணவேண்டும். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. நான்கு துருவ மோட்டார் சுமையுடன் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,440 சுற்றுகள் சுற்றும். அமெரிக்க நூல்களில் இதே வகை மோட்டாருக்கு 1,725 சுற்றுகள் என்று காணப்படும். அங்கு மின்னோட்டம் 60 சுழற்சி உடையது. எனவே அந்நூல்களிலுள்ள கப்பி அளவுகளை அப்படியே பின்பற்றினால் நம் கருவிகள் ஆறில் ஐந்து பங்கு வேகமே பெறும்.

மோட்டார்க் கப்பியின் விட்டத்தை மோட்டாரின் சுற்றுகளால் பெருக்கிக் கருவிக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் கருவியின் சுற்றுகள் கிடைக்கும். மோட்டாரில் 150 மில்லிமீட்டர்க் கப்பியும் ரம்ப அச்சில் 75 மில்லிமீட்டர்க் கப்பியும் இருப்பின் ரம்பம் நிமிடத்திற்கு 2,880 முறை சுற்றும். ரம்பத்தின் விட்டம் 250 மில்லிமீட்டரானால் அதன் பல்முனை வினாடிக்கு ஏறத்தாழ 37.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 136 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ரம்பத்தின் மீது பொறித்துள்ள உச்ச வேகத்தை இது மீறலாகாது.

அதே விட்டமுள்ள தேய்ப்புத் தட்டை இவ்வேகத்தில் ஓட்டினால் மரம் கருகும். உப்புத்தாளும் கிழிந்து பறக்கும். அதற்கு 1,440 சுற்றுகளே போதும். கடைசலில் மரத்துண்டு பருமனாகும் அளவுக்கு வேகத்தைக் குறைக்கவேண்டும். எனவே துணைக்கருவியை மாற்றும்பொழுது கப்பியையும் மாற்ற நேரும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

அடித்தளம்: மரமும் மழையும்

இப்போது ஜூலை மாதத் தொல்லைக்கு வருவோம். மரம் காற்றிலுள்ள ஈரத்திற்கேற்ப நீரை ஏற்கும், வெளியிடும். காற்றின் ஒப்பு ஈரம் 65 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 12 சதவீதத்தில் நிற்கும். 85 சதவீதமாக நீடித்தால் 18 சதவீதத்தை நெருங்கும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் நாளையொட்டித் தொடங்குகிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் உலர்ந்து நிற்கும் மேடை, மழை மாதங்களில் பருத்து நிற்கும்.

இப்பருமன் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நிகழ்வதில்லை என்பதே நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகச் சிறிது, பொருட்படுத்த வேண்டியதில்லை. அகலவாக்கிலோ மாற்றம் பெரிது. தேக்கு அசைவு குறைந்த மரமெனப் பெயர் பெற்றது. அப்படியிருந்தும், ஆண்டு வளையத்தை ஒட்டி அறுத்த 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையில் ஈரம் ஐந்து சதவீதம் ஏறினால் அகலம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கூடும். நாம் காக்க விரும்பும் அளவு 0.1 மில்லிமீட்டர்; மேடை நகர்வதோ அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். அகலம் கூடுவதோடு பலகை வளையவும் முறுகவும் செய்யும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, மோட்டாரையும் துணைக்கருவியையும் தனித்தனிப் பலகையில் பொருத்தாமல், இரண்டையும் ஒரே எஃகுச் சட்டத்தில் பொருத்தி, அச்சட்டத்தை மேடைமேல் வைத்தல். இரண்டாவது, எஃகுச் சட்டம் கிடைக்காதவிடத்து, மாறாமல் நிற்கவேண்டிய தொலைவு மரத்தின் நார்வாக்கில் அமையுமாறு பலகையை இடுதல். மூன்றாவது, பலகையின் மேற்புறம் மட்டுமன்றி அடிப்புறத்திற்கும் முனைகளுக்கும் வார்னிஷ் பூசுதல். ஒருபுறம் மட்டும் பூசிய பலகை மறுபுறம் ஈரமேற்று வளைந்துவிடும்.

மேடையில் முறுக்கு உண்டா என்று காண, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூலொன்றை விறைப்பாகக் கட்டுக. மற்ற இரு மூலைகளுக்கு இடையே இன்னொரு நூலைக் கட்டுக. இருநூல்களும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றால் முறுக்கில்லை. மேல்நூலையும் கீழ்நூலையும் இடம் மாற்றி மறுமுறையும் பார்க்கவேண்டும். ஒன்று மற்றொன்றை அழுத்தினாலும், இடையே வெளி தெரிந்தாலும், தாழ்ந்த காலின் கீழ் தகடு கொடுத்துச் சரிசெய்க.

கப்பியும் வாரும்

வாரால் இயங்கும் கருவியில் இரு கப்பிகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். நேர்விளிம்புள்ள சட்டத்தையோ, விறைப்பாகப் பிடித்த நூலையோ இரு கப்பிகளின் முகத்திலும் சேர்த்து வைத்தால், கப்பி ஒன்றுக்கு இரண்டாக நான்கு இடங்களிலும் அது தொடவேண்டும். ஒரு கப்பியில் இரண்டு இடத்திலும் மற்றதில் ஓரிடத்திலும் மட்டும் தொட்டால் அச்சுகள் இணையாக இல்லை. மற்றதில் எங்குமே தொடாமல் ஒரே அளவு வெளி விட்டு நின்றால், அச்சுகள் இணையாக உள்ளன. கப்பி மட்டும் தள்ளி நிற்கிறது. முதற்குறைக்கு மோட்டாரைத் திருப்பவேண்டும். இரண்டாவதற்குக் கப்பியை நகர்த்தினால் போதும். இரு கப்பிகளின் விளிம்புக் கனம் வேறுபடுமானால் விளிம்பை நம்பாமல் பள்ளத்தின் நடுவை அளவாகக் கொள்க.

ஆப்பு வடிவ வார் அரைப் பாகைச் சாய்வு வரை பொறுக்கும். அச்சுகளுக்கிடையே 30 சென்டிமீட்டர் இருப்பின் இது 2.6 மில்லிமீட்டர். பொறுக்குமெனினும் அந்த அளவுக்கு விடலாகாது. ஒரு மில்லிமீட்டருக்குள் நிறுத்துக. கப்பிகளுக்கிடையேயுள்ள 30 சென்டிமீட்டர் வாரை நடுவில் விரலால் மிதமாக அழுத்தினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தாழவேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் தாங்கி சூடேறும். தளர்த்தினால் வார் வழுக்கிக் கீச்சிடும்.

அச்சோடு அச்சு

சில துணைக்கருவிகள் வாரின்றி, மோட்டார் அச்சோடு நேரே இணைக்கப்படும். இங்கு பிழை இருவகை. அச்சுகள் இணையாயிருந்தும் ஒன்று மேலும் மற்றது கீழுமாக விலகி நிற்றல் ஒருவகை. இரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்தும் சாய்ந்து நிற்றல் மற்றொருவகை. பெரும்பாலும் இரண்டும் கலந்தே காணப்படும். ரப்பர் இணைப்பு இவற்றைச் சிறிது மறைக்குமேயன்றிப் போக்காது. மறைந்த பிழை சூடாகவும் அதிர்வாகவும் வெளிப்பட்டு, முடிவில் தாங்கியைக் கெடுக்கும்.

சோதிக்கும் முறை எளிது. மின்செருகியைப் பிடுங்கியபின், மோட்டார் அச்சின் இணைப்பில் வளைத்த கம்பித் துண்டொன்றைக் கட்டி, அதன் முனை கருவியின் இணைப்பு விளிம்பை ஏறத்தாழத் தொடுமாறு நிறுத்துக. இரண்டு அச்சுகளையும் சேர்த்துக் கையால் கால் சுற்றாகத் திருப்பி, மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு நிலைகளிலும் இடைவெளியைத் தாளால் அளந்து எழுதுக.

மேலே 1.2 மில்லிமீட்டரும் கீழே 0.8 மில்லிமீட்டரும் கிடைத்ததாகக் கொள்வோம். வேறுபாடு 0.4. ஆனால் அச்சு விலகியிருப்பது அதில் பாதியான 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. ஏனெனில் ஒரே விலகல் ஒருபுறம் கூட்டியும் மறுபுறம் குறைத்தும் காட்டுகிறது. மேலிடைவெளி பெரிதாகையால் மோட்டார் அச்சே உயரத்தில் உள்ளது. துணைக்கருவியின் கால்கள் அனைத்திற்கும் அடியில் 0.2 மில்லிமீட்டர் உலோகத் தகடு இடுக. முழு 0.4-ஐயும் கொடுத்துவிடுவதே புதியவர் செய்யும் வழக்கமான பிழை. தாளையோ அட்டையையோ நிலையாக அடியில் வைத்துவிடலாகாது. மழைக்காலத்தில் அதுவும் பருக்கும். அளக்கத் தாள், தாங்கத் தகடு என்பதை விதியாகக் கொள்க.

சாய்வை அறிய இணைப்பின் இரு முகங்களுக்கு இடையேயுள்ள வெளியை அதே நான்கு நிலைகளில் அளக்கவேண்டும். சாய்வை முதலில் திருத்தி, விலகலைப் பின்னர் திருத்துதல் நன்று. போல்ட்டுகளை முடுக்கியபின் மறுமுறை அளக்கத் தவறலாகாது. முடுக்கும்போதே கருவி சற்று நகர்வதுண்டு.

வட்ட ரம்பம்

துணைக்கருவிகளுள் நேரமைப்புப் பிழையைச் சிறிதும் பொறுக்காதது வட்ட ரம்பமே. முன்புறப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தி அறுக்கின்றன. பின்புறப் பற்களோ மேல்நோக்கி எழுபவை. பலகை அவற்றின்மேல் இறுகுமாயின், பற்கள் பலகையைத் தூக்கி, மேற்கூறிய வேகத்தோடு அறுப்பவர் பக்கம் வீசிவிடும். அப்போது பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை ரம்பத்தின் மீது விழக்கூடும். இதனைப் பின்னுதை என்கிறோம். வழிச்சட்டத்தின் பின்முனை ரம்பத்தை நோக்கிச் சாய்ந்திருத்தல் பின்னுதைக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று.

ஆகவே சோதனையைப் பின்வரும் வரிசையில் செய்க. முதலாவதாக, ரம்பத்தில் ஒரு பல்லுக்குச் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அப் பல்லை முன்புறம் நிறுத்தி, மேசையிலுள்ள வழிப்பள்ளத்திற்கும் பல்லுக்கும் இடையேயுள்ள தொலைவை அளக்கவும். பிறகு அதே பல்லைப் பின்புறம் திருப்பி மீண்டும் அளக்கவும். வேறு வேறு பற்களை அளந்தால் ரம்பத் தகட்டின் நெளிவும் கணக்கில் புகுந்து நம்மை ஏமாற்றும். இரு அளவும் 0.1 மில்லிமீட்டருக்குள் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையைத் திருப்புக. ரம்ப அச்சைத் தொடலாகாது.

இரண்டாவதாக, வழிச்சட்டத்தை அவ்வழிப்பள்ளத்திற்கு இணையாக நிறுத்துக. பின்முனை 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் ரம்பத்தைவிட்டு விலகியிருப்பின் குற்றமில்லை. ரம்பத்தை நெருங்கியிருக்க ஒருபோதும் விடலாகாது. மூன்றாவதாக, மூலைமட்டத்தைப் பற்களில் படாமல் தகட்டில் வைத்து, ரம்பம் மேசைக்குச் செங்குத்தா என்று காண்க. நான்காவதாக, ரம்பத்தின் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு ரம்பத்தோடு ஒரே கோட்டில் உள்ளதா என்று பார்க்க. அறுத்த பிளவு மீண்டும் மூடி ரம்பத்தைக் கவ்வாமல் தடுப்பது இத்தகடே. ஈரமேறிய மரத்தில் இது மிகவும் தேவை. இதனைக் கழற்றிவிட்டு அறுப்பது தகாது.

ஏனைய துணைக்கருவிகள்

தேய்ப்புத் தட்டின் மேசை தட்டுக்குச் செங்குத்தாயிருந்தால் போதும். தட்டு கீழ்நோக்கிச் சுழலும் பாதியிலேயே மரத்தை வைத்துத் தேய்க்கவேண்டும். மேல்நோக்கும் பாதி மரத்தைத் தூக்கி எறியும். தட்டுக்கும் மேசைக்கும் இடையே விரலோ சிறு துண்டோ நுழையும் அளவு வெளி விடலாகாது.

துளையிடும் கருவியில், துளைக்கோலுக்குப் பதிலாக வளைந்த கம்பியை மாட்டிக் கையால் சுற்றுக. கம்பி முனை மேசைமேல் வைத்த தாளை வட்டம் முழுவதும் ஒரே அளவு உரசினால் மேசை அச்சுக்குச் செங்குத்து.

கடைசலில் இருமுனைக் கூர்களும் ஒன்றையொன்று நுனியோடு நுனியாகச் சந்திக்கவேண்டும். கையுளியால் கடையும்போது சிறு பிழை பெரிதாகத் தெரியாது. அதே அமைப்பில் நீளத் துளையிட முற்பட்டால் துளை கோணிப்போகும்.

காப்பு முறைகள்

நேரமைப்பு வேலை அனைத்தும் மின்செருகியைப் பிடுங்கியபின் செய்யப்பட வேண்டும். விசையை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்தடை நீங்கி மின்சாரம் வந்ததும் இயந்திரம் தானே ஓடத் தொடங்காதவாறு, மின்சாரம் நின்றால் தானே விடுபடும் விசையைப் பொருத்துக. நில இணைப்பும், 30 மில்லியாம்பியர்க் கசிவில் துண்டிக்கும் காப்பு விசையும் ஈரமான தரையுள்ள பட்டறையில் இன்றியமையாதன.

வேட்டித் தொங்கல், தோள்துண்டு, புடவைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல், கையுறை ஆகியவை சுழலும் பகுதியின் அருகே வரலாகாது. ரம்பத்தின் நேர்க்கோட்டில் நில்லாது ஒருபுறமாக நிற்க. குறுகிய துண்டுகளை உந்துகோலால் தள்ளுக. மரத்தூளை அற்பமாக எண்ணுதல் கூடாது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துள்ளது. முகக் காப்பும் நல்ல காற்றோட்டமும் தேவை.

வகுப்பில் செய்து காட்ட

பின்வரும் மூன்று சோதனைகளையும் இயந்திரத்தை ஓட்டாமலே பள்ளியில் செய்து காட்டலாம்.

1. அகலமான பலாப் பலகை ஒன்றில் அகலவாக்கில் இரு கோடுகளும் நீளவாக்கில் இரு கோடுகளும் இட்டு, மாதம் ஒருமுறை கோடுகளுக்கிடையேயுள்ள தொலைவை மாணவர் அளந்து எழுதுக. ஓராண்டு முடிவில் இரு வரிசை எண்களையும் வரைபடமாக்கினால், மழையோடு அகலம் ஏறி இறங்குவதும் நீளம் ஏறத்தாழ அசையாது நிற்பதும் கண்கூடாகத் தெரியும்.

2. ஒரு பட்டையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டி, இரு அறுமுகங்களையும் சமதளத்தின்மேல் சேர்த்து வைக்கவும். அறுப்பு செங்குத்தாயின் இடைவெளியிராது; கோணலாயின் இடைவெளி உண்மைப் பிழையைப்போல் இருமடங்காகத் தோன்றும். மூலைமட்டமே கோணலாயிருப்பினும் இச்சோதனை பொய்க்காது.

3. இரு மர வட்டுகளைத் தனித்தனி அச்சில் நிறுத்தி, கம்பிமுனைச் சோதனையைச் செய்து, வேறுபாட்டில் பாதியே விலகல் என்பதை மாணவரே கண்டறியுமாறு செய்க.

முடிவாக, நேரமைப்பின் வரிசை இது: முதலில் அடித்தளம், அடுத்து அச்சு, பின்னர் மேசை, கடைசியாக வழிச்சட்டம். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதை அளவாகக் கொள்வதால், வரிசையை மாற்றினால் முதலிலிருந்தே தொடங்க நேரிடும். துணைக்கருவியை மாற்றும்போது ஒருமுறை, பருவமழை தொடங்கிச் சில வாரங்களுக்குப்பின் ஒருமுறை, மழை நின்று மரம் உலர்ந்தபின் ஒருமுறை என்று இச்சோதனைகளைச் செய்து, தேதியுடன் ஓர் ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். இரண்டு ஆண்டுகள் எழுதினால் தம் பட்டறை எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறதென்பதை அவரவர் முன்னரே அறிந்துகொள்வர். ஸ்ரீவராகத்துப் பட்டறைக்காரரும் ஜூலையில் ரம்பத்தைத் தீட்டுவதற்கு முன் தாளை எடுத்து அளப்பாராயின், பல்லும் பிழைக்கும், விரலும் பிழைக்கும்.